மாதம் ஒரு மாத்திரை

கிள்ளானில் மேரு பக்கத்துத் தாமான் குடியிருப்பில் நாய் வளர்க்கிற வீடுகள் இருபதாவது இருக்கும். நாயின் தடுப்பூசி அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பெற்ற மகளின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்தவள் அமுதவள்ளி ஒருத்திதான். வருடாந்திர ஊசி ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. சனிக்கிழமை காலையில் குளியல், காது துடைப்பு, விரலிடுக்கில் உண்ணி தேடல் எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்கே காப்பி. இருபத்து நான்கு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில், கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். அவள் சரி என்று அனுப்பிய பெட்டி திரும்பி வந்ததே இல்லை.

அப்படிப்பட்டவள்தான் அந்த நாயைக் கைவிட்டாள். கைவிட்டாள் என்பது ஊர் சொன்ன வார்த்தை இல்லை. அவளே தன்னைச் சொல்லிக்கொள்வது.

நாய் உண்மையில் மகள் சுரேகாவுடையது. கலக்கிய மைலோ பானத்தின் நிறம், பெயரும் மைலோ. செமினியில் பள்ளி ஆசிரியையாக வேலை கிடைத்துப் போனபோது, வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று அம்மாவிடம் விட்டுப் போனாள். கணவர் இராமலிங்கம் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாயா, எனக்கா என்று அமுதவள்ளி முகத்தைச் சுளித்தது ஒரே ஒரு வாரம். அதற்குப் பிறகு சோறு வடித்தால் முதல் கரண்டி அதற்குத்தான்.

சுரேகா விட்டுப் போனது நாயோடு ஒரு மாத்திரைப் பெட்டியும். மாதம் ஒன்று, முதல் ஞாயிற்றுக்கிழமை. இருதயத்தில் பூச்சி வராமல் தடுக்கிற மாத்திரை. மகள் விளக்கமாகத்தான் சொன்னாள். அம்மாவின் காதில் விழுந்தது பூச்சி மட்டுந்தான். பூச்சி என்றால் வயிற்றில் இருப்பது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கொசு கடித்து அது இரத்தத்தில் ஏறும், வளர்ந்து இருதயத்தில் குடியிருக்கும் என்பதெல்லாம் மனதில் பதியவில்லை. சொன்னபடி மாத்திரையைக் கையால் நான்காக உடைத்துச் சோற்றில் பிசைந்து ஐந்து மாதம் கொடுத்தாள்.

ஆறாவது மாதம் ஏதோ தோன்றிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தாள். மாட்டிறைச்சிச் சுவை என்று மலாயில் தெளிவாகப் போட்டிருந்தது. அன்றைக்குக் கோயிலுக்குப் போக வேண்டிய நாள். குளித்து, விபூதி பூசி, சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு வந்த கை. இந்தக் கையாலா ஐந்து மாதம் உடைத்தோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை கையைக் கழுவினாள். சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தாள். மீதி மாத்திரையைத் தினசரித் தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

அத்தோடு மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் முன்பொரு தரம் நாய் பிஸ்கட்டில் என்ன கறி இருக்கிறது என்று கேட்டதற்குச் சுரேகா சிரித்த சிரிப்பு அவளுக்கு ஞாபகம் இருந்தது. நாய் என்ன விரதமா இருக்கப் போகிறது என்று கேட்டுச் சிரித்தாள். படித்த பிள்ளையிடம் இன்னொரு முறை சிரிப்பு வாங்க அவளுக்கு மனமில்லை. வெட்கம் என்பதா, வீம்பு என்பதா, இரண்டும் கலந்த ஒன்று. பூச்சிக்குத்தானே, சுரேகாவுக்கே சின்ன வயதில் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்துத்தானே பூச்சி விழுந்தது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கொல்லையில் வேப்பமரம் இருந்தது. மாதம் தவறாமல் கொழுந்து பறித்து, அரைத்து, வெல்லத்தில் உருட்டி ஊட்டினாள். அந்த முட்டாள் நாயும் அவள் கையால் எதைக் கொடுத்தாலும் தின்றது.

ஒவ்வொரு முதல் ஞாயிறும் செமினியிலிருந்து போன் வரும். மாத்திரை கொடுத்தாச்சா மா என்று மகள் கேட்பாள். கொடுத்துட்டேன் லா என்பாள் அம்மா. முதல் தடவை சாமி அறைக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னாள். பத்தாவது தடவை அரிசி கழுவிக்கொண்டே சொன்னாள். மகள் பணம் கட்டிய புதுப் பெட்டி கிளினிக்கிலிருந்து வரும். அதுவும் குப்பைக்குப் போகும். இப்படி இரண்டு வருஷம்.

இடையில் ஒரு வாய்ப்பும் வந்தது. வருடாந்திர ஊசிக்குப் போனபோது டாக்டர் யுகேந்திரன், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, எதற்கும் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். நம் பிள்ளை, தமிழ்ப் பையன், மரியாதையாகத்தான் கேட்டார். அமுதவள்ளி வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினாள். பார்த்தால் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

தீபாவளி முடிந்து நாய்க்கு இருமல் ஆரம்பித்தது. பட்டாசுப் புகை என்று நினைத்தாள். படாங் திடலை மூன்று சுற்றுச் சுற்றுகிற நாய் பாதியிலேயே உட்கார்ந்தது. வெயில் என்று நினைத்தாள். வயிறு உப்பியபோது சாப்பாட்டைக் குறைத்தாள். பட்டினி வேறு போட்டோமே என்று பின்னால் அதற்கும் சேர்த்து அழுதாள்.

பொங்கலுக்கு வந்த சுரேகா, நாய் வாலை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்திருக்காமல் கிடந்ததைப் பார்த்தாள். அன்றே காரில் தூக்கிப் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். இருதயம் நிறையப் புழு, வயிற்றில் இருப்பது நீர், முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

சுரேகா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை, உங்களிடம் வாங்கிய மாத்திரைதான், காலாவதியானதை விற்றீர்களா, போலியை விற்றீர்களா என்று கேட்டாள். டாக்டரின் முகம் வெளுத்தது. உதவிக்கு இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, அலமாரியில் இருக்கும் பெட்டிகளையெல்லாம் எடு, இதே மாத்திரை வாங்கிய எல்லாருக்கும் போன் போட வேண்டும் என்றார். ஒழுங்காக எடுத்து வைத்தாயா, வெயிலில் வைத்தாயா என்று கேட்டதில் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அமுதவள்ளி மூலை நாற்காலியில் இருந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் பழி மாத்திரையோடு போய்விடும். மகள் ஒருநாளும் அறிய மாட்டாள். அதை அவள் நினைக்காமல் இல்லை, நன்றாகவே நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டிகளை எண்ணுவதைப் பார்க்க முடியவில்லை.

"மாத்திரை மேல தப்பு இல்ல தம்பி," என்றாள். "நான்தான் கொடுக்கல. மாட்டுக்கறின்னு போட்டிருந்திச்சு. எல்லாத்தையும் வீசிட்டேன்."

டாக்டர் அவள் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாட்டுக்கறி இல்லாததும் இருக்கு ஆன்டி. கழுத்துல சொட்டு விடுற மருந்துகூட இருக்கு. நம்ம ஆளுங்க பாதிப் பேரு கேட்டு அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் குறை சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

புழுவைக் கொல்லும் ஊசி போட நாயின் உடம்பில் தெம்பு இல்லை. முதலில் நீர் வற்ற ஒரு மாத்திரை, இருதயத்துக்கு ஒரு மாத்திரை, காலையும் மாலையும் கொடுக்க வேண்டும், தேறினால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வரைக்கும் சுரேகா காரை மெதுவாக ஓட்டினாள். ஏன் மா என்றுகூடக் கேட்கவில்லை. செமினிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, போனைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மாத்திரை கொடுக்கும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்பு மா."

அமுதவள்ளி அனுப்பினாள். ஒரு கையில் போன், ஒரு கையில் மாத்திரை. காலையும் மாலையும், முப்பத்து மூன்று நாள். ஒரு வேளை தவறவில்லை. மகளிடமிருந்து, பார்த்துவிட்டாள் என்று காட்டுகிற இரண்டு நீலக் கோடுகள் மட்டும் வரும். நாய் ஒவ்வொரு முறையும் அவள் விரலை நக்கிவிட்டுத்தான் விழுங்கியது. முப்பத்து நான்காம் நாள் காலை வாயைத் திறக்கவில்லை.

மகளும் தாயுமாகக் கொல்லையில் புதைத்தார்கள். மகள் அழுதாள், அம்மாவைக் கட்டிக்கொண்டும் அழுதாள். பெற்ற பிள்ளைதானே, மன்னித்துவிட்டாள் என்றுதான் அமுதவள்ளி நம்பினாள். முதல் ஞாயிறுகளில் போன் வருவதும் நிற்கவில்லை.

போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் அமுதவள்ளிக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லி, தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இந்த ஞாயிறு சுரேகா போனில் கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை போட்டியா மா?"

"போட்டுட்டேன்."

அவள் போட்டிருந்தாள். காலை ஏழு மணிக்கே, வெந்நீரோடு விழுங்கியிருந்தாள். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போகவில்லை.

"நாளையிலேருந்து வீடியோ அனுப்பு மா," என்றாள் மகள். குரலில் கோபமே இல்லை.

சரி என்றாள் அமுதவள்ளி.