அசையாமல் நின்ற ராயபுரம்

சாவி முறுக்கும் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். என் வீட்டுக்காரர் பாயில் உட்கார்ந்து, கேமராவைக் காதருகே வைத்து முறுக்கிக்கொண்டிருப்பார். முறுக்கிவிட்டால் கொஞ்ச நேரம் தானாக ஓடும் கேமரா அது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு, உள்ளதை உள்ளபடி காட்டும் படம் எடுக்கக் கிளம்பிய மனிதர். கதை கிடையாது, பாட்டு கிடையாது, நடிகை கிடையாது. அப்புறம் அது எப்படி சினிமா என்று, ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா கேட்டார். கேட்டதோடு விடவில்லை. "ஏட்டி, கிறிஸ்மஸுக்குள்ள மருமவன் ஒரு படமாவது காட்டட்டும். இல்லன்னா கடையில வந்து உக்காரட்டும்" என்று கெடு வைத்துவிட்டார். புளி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் இந்த மனிதருக்கு மனசே செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும்.

அவர் எடுக்க நினைத்தது, கட்டுமரம் கடலில் இறங்குவதை. அதற்குக் குறுக்கே நின்றது மீனவர்களின் மரியாதைதான். அவர்களுக்குத் தெரிந்த படம் போட்டோ ஸ்டுடியோ படம். அங்கே மூச்சை அடக்கி நிற்க வேண்டும், அசைந்தால் படம் பாழ். இவர் கேமராவைத் தூக்கியதும் கயிறு இழுத்தவர்கள் கயிற்றோடு, வலை உதறியவர்கள் வலையோடு சிலையாகிவிடுவார்கள். அசையுங்கள், இது ஓடுகிற படம் என்று இவர் கெஞ்சினால், பாவம் படம் கெட்டுவிடுமே என்று இன்னும் விறைப்பாவார்கள்.

பிலிமோ அந்தக் காலத்தில் குதிரைக்கொம்பு. இவர் கையில் இருந்தது ஒரே சுருள். அதனால் ஒரு விரதம் பூண்டார். கேமரா அவர்கள் கண்ணுக்குப் பழகும்வரை, தினமும் விடியலில் பிலிம் போடாத வெறும் கேமராவோடு கரைக்குப் போவது, முறுக்கி ஓடவிட்டு நிற்பது. மழையோ காய்ச்சலோ, ஒரு நாள் தவறியதில்லை. மீன் விற்கும் அக்கா ஒருத்திக்கு விஷயம் தெரிந்துபோனது. "பொட்டிக்குள்ள ஒண்ணும் இல்ல மாமு, சும்மா சுத்திகினு கீறாரு" என்று கரை முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் யாரும் இவரைச் சட்டை செய்யவில்லை. "சும்மாதான நிக்கிற நைனா, கயித்தப் புடி" என்று வேலை வாங்கவும் ஆரம்பித்தார்கள். இவருக்குப் பரம சந்தோஷம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அந்தச் சுருளைக் கேமராவில் போட்டார். கேமராவை நிறுத்தும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கரையில் கால் வைத்ததும் அந்த மீன்கார அக்கா கூடையை இறக்கிவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா நைனா, மாப்ள கணக்கா வந்துகீற?" என்றாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். மழமழவென்று சவரம், பெட்டிபோட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. படம் என்றதும் மனிதர் தன்னையறியாமல் ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "டேய், இன்னிக்கு மெய்யாலுமே பிலிம் கீது. பாவம், எம்மா நாளா வந்துகினு கீறாரு. ஒருத்தனும் அசயக் கூடாது, ஆமா" என்று கத்தினாள்.

ஒருத்தரும் அசையவில்லை. பாதி இறங்கிய கட்டுமரத்தைக்கூட விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள். கேமரா ஓடுகிறது, பிலிம் தீர்கிறது, இவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து, ஆளில்லாத கட்டுமரத்தை இழுத்துக்கொண்டு போனது. கரையே அலையை வைதுகொண்டு பின்னால் ஓடியது. மாதக்கணக்கில் கயிறு பிடித்த பழக்கம், இவரும் கேமராவை முக்காலியில் ஓடவிட்டுவிட்டு ஓடினார்.

அப்பாவின் கிடங்கில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அந்தப் படத்தைக் காட்டினோம். முதலில் வந்தவை சிலைகள். "இதுக்கு போட்டோவே போதுமே" என்றார் அப்பா. பிறகு கட்டுமரம் நழுவியது, ஊரே ஓடியது, மருமகன் தண்ணீரில் குப்புற விழுந்தார். அப்பா மிளகாய் மூட்டையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கடைப் பேச்சு அதோடு நின்றது. இவருக்குத்தான் திருப்தி இல்லை. எடுப்பவன் படத்தில் தெரியக் கூடாது, தான் வரும் இடத்தை வெட்ட வேண்டும் என்று கத்தரியோடு உட்கார்ந்தார். வெட்டினால் இந்த வீட்டில் சோறு கிடையாது என்றேன். சும்மா சொல்லவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ படம் எடுத்தார். எதிலும் அவர் இல்லை. இப்போது அவரே இல்லை. சுவரில் மாலைக்குள் விறைத்து நிற்பவர் யாரோ, எனக்குத் தெரியாது. பேரன் அந்தப் பழைய துண்டைப் போட்டுக் காட்டும்போதுதான் என் மனிதரைப் பார்க்கிறேன். பெட்டிபோட்ட சட்டையோடு தண்ணீரில் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடுகிறார். ஒவ்வொரு தடவையும் என் வாய் தானாக, "பார்த்துப் போங்க" என்கிறது.