சிகாகோவின் எமகண்டம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். மருந்து அட்டையில் என்ன போட்டிருக்கிறது, போனில் வந்திருப்பது பேங்க் மெசேஜா ஏமாற்று வேலையா என்று எங்கள் தெருவில் எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டுக்குள் மட்டும் அது நடக்காது. அங்கே எனக்குப் போட்டியாக ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எந்தக் கட்டம் ராகு காலம், எது எமகண்டம், எது நல்ல நேரம் என்று இடத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மேலூர் சந்தைக்குப் போவதானாலும் சரி, கேஸ் சிலிண்டர் மாற்றுவதானாலும் சரி, அந்தக் கட்டங்களைப் பார்க்காமல் அவளுக்குக் கை ஓடாது.

போன மார்ச் மாதம் எனக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. கம்பெனி சிகாகோவில், வேலை வீட்டிலிருந்தே. பல நாடுகளில் இருக்கும் அவர்களுடைய ஆட்களுக்கு மீட்டிங் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு எப்போது காலை, யாருக்கு எப்போது தூங்கும் நேரம் என்று பார்த்து, எவரும் முகம் சுளிக்காதபடி ஒரு பொழுதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. கல்லூரி முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இதுவும் கிடைக்காவிட்டால் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு டைப் அடிக்கப் போவதாக அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னாலேயே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

'செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, சிகாகோ நேரம்' என்று பிப்ரவரியிலேயே மெயில் வந்துவிட்டது. அன்றைக்கே போனில் பார்த்தேன். நமக்கும் சிகாகோவுக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். ஆக, நமக்கு ராத்திரி எட்டரை. இரண்டு நிமிஷத்தில் கணக்கு முடிந்தது. ஊரெல்லாம் முழு மணியாகக் கூட்டிக் கழிக்கும்போது நமக்கு மட்டும் ஒரு அரை மணி ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதையும் விடாமல் சேர்த்துவிட்டேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ராத்திரி எட்டரைக்கா? அந்நேரத்துக்கு எந்த ஆபீசுடி தொறந்திருக்கும்?"

"அவங்களுக்கு அப்ப காலையில ஒம்பது மணிம்மா."

"அதெப்படி?"

விளக்கினேன். சூரியனை ஒரு பஸ் என்று வைத்துக்கொள். கிழக்கே இருந்து வருகிறது. முதலில் மேலூர், அப்புறம் மதுரை, அப்புறம் உசிலம்பட்டி. அப்படியே போய்க்கொண்டே இருந்தால் சிகாகோ. நம் ஊரில் ஆளை இறக்கிவிட்டு அந்த பஸ் அங்கே போய்ச் சேருவதற்குள் நமக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

அம்மா யோசித்தாள். "அப்ப மேலூருக்கும் மதுரைக்கும் ஏன் ஒரே மணி?"

"ஊருக்கு ஊரு தனி மணி வச்சா பஸ் ஸ்டாண்டுல அடிதடிதான் நடக்கும். அதனால அரசாங்கம் நாடு முழுசுக்கும் ஒரே மணின்னு வச்சிருக்கு."

"சரி. ராகுவும் அந்த பஸ்லதான் போறாரா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை இல்லை. ஆனால் ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது என்று எங்கோ படித்திருந்தேன். "ஆமா, அதே பஸ்ஸுதான்" என்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அம்மா காலண்டர் பக்கம் திரும்பி, செவ்வாய்க்கிழமைத் தாளில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். "செவ்வாக்கெழம ஒம்பதுலருந்து பத்தர எமகண்டம். அவுகளுக்கு அப்ப ஒம்பது மணின்னா, எமகண்டத்துலயா ஒன்னயக் கூப்பிட்டிருக்காக?"

அப்பா குறுக்கே வந்தார். மேலூருக்கு வெளியே ஒரு கிரானைட் பட்டறையில் அவருக்கு ராக்காவல் வேலை. பகலில் தூங்கி எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கண்டம் கேள்வி கேக்குற அவுகளுக்குத்தான? இவளுக்கு ராத்திரிதான? அவுகளுக்கு நேரம் சரியில்லன்னா நமக்கு நல்லதுதான்."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் அடுத்த கட்டத்துக்கு விரல் நகர்ந்தது. அன்றைக்கு ராத்திரி நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரை வரை.

"எட்டரைக்கு நல்ல நேரம் முடியிது. நீ எட்டரைக்குத்தான் ஆரம்பிக்கவே போற."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண?"

"ஏழரைக்கே ஒக்காந்து ஆரம்பிச்சிரு."

"எதிர்ல ஆளே இருக்காது."

"நீ அமுக்க வேண்டியத அமுக்கி வச்சிரு. அவுக வரும்போது வரட்டும்."

ஒரு வாரம் இதே பேச்சு. ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பவளை, நேரம் பார்க்கத் தெரியாதவள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பொண்ணு பாக்க வாரவன் முன்னாடி வந்தா வேணாம்னா சொல்றோம்?" என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அடுப்படியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே ஒரு ஸ்டூலில் லேப்டாப். பின்னால் தெரியும் தட்டுமுட்டுச் சாமான்களை மறைக்க அப்பா ஒரு போர்வையைக் கட்டிவிட்டு, அன்றைக்குத் தாமதமாக வருவதாகப் பட்டறையில் சொல்லிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் நைட்டியில் இருந்தேன். எட்டு மணிக்கு மேல் சுடிதார் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

ஏழரை ஆனதும் அம்மா வந்து நின்றாள். "அமுக்கு."

"சேலை கட்டிட்டு வரட்டுமா, ஆரத்தி எடுக்குறியா?" என்றேன் எரிச்சலாக.

"வாயி மட்டும் கொறச்சல் இல்ல. அமுக்குடி."

அவளுக்காகத்தான் அமுக்கினேன்.

திரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு நரைத்த தாடிக்காரர். இருவர் கையிலும் காபி. "குட் மார்னிங், சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றார் தாடிக்காரர்.

கேமராவை அணைத்த வேகத்தில் ஸ்டூல் ஆடியது. ஒரு நிமிஷம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நைட்டிக்கு மேல் துப்பட்டாவைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு மறுபடியும் முகம் காட்டினேன். அம்மா சத்தம் காட்டாமல் குக்கரை இறக்கினாள்.

அந்தப் பெண் சிரித்தபடி சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். நேற்று இந்தியாவிலிருந்து வர வேண்டிய மூன்று பேரும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். இந்த வேலைக்கே அதுதான் முதல் பரீட்சை. நீங்கள் எப்படிக் கவனித்தீர்கள்?"

கோடை வெளிச்சத்தை வீணாக்காமல் இருக்க வருஷத்தில் இரண்டு தடவை ஒரு நாடே கடிகாரத்தைத் திருகி வைக்கும் என்று அந்த நொடிக்கு முன்னால் எனக்குத் தெரியாது. வித்தியாசம் என்பது ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதும், வாய்ப்பாடு மாதிரி மாறாது என்று நம்பியிருந்தேன். இனி பதினொன்றரை இல்லை, பத்தரை.

பெருமையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததென்னவோ, "எங்கம்மா ஏழரைக்கு உட்காரச் சொன்னாங்க" என்பதுதான்.

"உங்கள் அம்மா இந்தத் துறையில் இருக்கிறாரா?"

"இல்லை, விவசாயக் கூலி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாடிக்காரர் கேட்டார்: "சரி. இன்றைக்கு லண்டனுக்கும் சிகாகோவுக்கும் எத்தனை மணி நேரம் வித்தியாசம்?"

ஆறு என்று நாக்கு நுனியில் இருந்தது. முந்தின வாரம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

"சாதாரணமாக ஆறு. ஆனால் நீங்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்த அன்றைக்கே லண்டன்காரர்களும் தள்ளி வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. இன்றைய தேதியைப் போட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். பார்க்கலாமா?"

"பாருங்கள்."

பார்த்தேன். லண்டன் இன்னும் மாற்றவில்லை. அவர்களுக்கு அந்த மாதக் கடைசியில்தான். ஐந்து என்றேன். தாடிக்காரர் காபியைக் கீழே வைத்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். அதற்குப் பின் கேட்டதெல்லாம் எளிதாகத்தான் இருந்தது. முடியும்போது மணி எட்டே கால். நல்ல நேரத்தில் இன்னும் மிச்சம் இருப்பதை அம்மா காலண்டரில் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. வேலை எனக்குத்தான். சத்தமாக ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தேன். வக்கீல் ஆபீசுக்கு வரவில்லை என்று அப்பாவே போன் போட்டுச் சொன்னார். அதில் அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். மெயிலின் கடைசி வரியில், ஏதாவது சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேட்கலாம் என்று போட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணு இருக்கு தாயி" என்றார் அப்பா. "மணிய எந்நேரத்துல மாத்துனாகளாம்?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு. ரெண்ட மூணுன்னு வச்சிருவாங்க."

"அப்ப அன்னைக்கு ராக்காவல் பாத்தவனுக்கு ஒரு மணி நேரம் கொறஞ்சிருக்குமே. கூலிய முழுசாக் குடுத்தாகளா, பிடிச்சுக்கிட்டாகளா?"

நியாயமான கேள்விதான். வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே அதையும் கேட்டு அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது: வருக, இதுவரை யாரும் கேட்காத கேள்வி, விசாரித்துச் சொல்கிறோம்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப பிடிச்சிருக்காக."