ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு துளைகள்

என் தங்கை பிரகதீஸ்வரிக்குப் பெங்களூரில் என்ன வேலை என்று பொன்னமராவதியில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. விமான எஞ்சினின் சத்தத்தைக் குறைக்கிற ஆராய்ச்சி என்று சொல்வேன். "சத்தம் போட்டா போட்டுட்டுப் போகுது, மேலதான பறக்குது?" என்பார்கள். விமான நிலையத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் அங்கே டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாராம். பிரகதி நேரில் பார்த்தது. அதையே நானும் எல்லோருக்கும் சொல்வேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கல்யாண ரவிக்கைகளில் மணியும் ஜரிகையும் வைக்கிற ஆரி வேலை செய்கிறேன். பிரகதி எனக்கு ஒன்பது வயது இளையவள். ஆறாவது படிக்கும்போது அட்டைப்பெட்டிக்குள் என் வெட்டுத்துணிகளை ஒட்டி, ஓடுகிற மிக்சியின்மேல் கவிழ்த்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் குறைந்தது. மிக்சி புகைந்தது. அம்மாவிடம் அடி வாங்கியது நான், பார்த்துக்கொண்டு நின்றதற்காக.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் வந்ததும் சமையல்கட்டுக்குள் புகுந்து பாத்திரங்களைத் திறந்து பார்ப்பவள், அன்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பைக்குள் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு அளவில் ஒரு தகடு, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது.

"இதான்க்கா என் ரெண்டு வருச வேலை."

தகடு நிறைய, குண்டூசித் தலையைவிடச் சிறிய துளைகள். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் தேன்கூடு மாதிரி அறை, அதற்கும் பின்னால் மூடிய தகடு. எஞ்சினின் முன்வாய்க்குள் சுற்றுச்சுவராக இதைப் பதிப்பார்களாம். சத்தம் துளைக்குள் போய் வந்து, போய் வந்து ஓய்ந்துவிடுமாம். இத்தனை துளை, இத்தனை ஆழம் என்றால் இன்ன சத்தம் இவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை.

ஆனால் இந்தத் தகட்டைச் சோதித்தபோது, அவள் சொன்னது ஒன்றும் கருவி காட்டியது வேறொன்றுமாக இருந்தது. கணக்கு முறையே தப்பு என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை இன்னொரு சோதனை. அதிலும் ஒத்துவராவிட்டால் அவள் முறையைக் கைவிட்டு, வேலையை வேறு குழுவிடம் கொடுத்துவிடுவார்கள். தகட்டின் ஓரம் சரியாகப் பொருந்தாததும் காரணமாக இருக்கலாம் என்று, அதைச் செய்த திருச்சிப் பட்டறைக்கே கொண்டுபோய்ச் சீவி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"சரியா வருமாடி?"

"தெரியலக்கா. எங்க தப்புன்னே தெரியல."

பூஜையன்று காலையில் அவள் வாழைக்கன்று வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். நான் தையல் மிஷினுக்கும் ஆரிச் சட்டத்துக்கும் பொட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் உதயசூரியன் பைக் மெக்கானிக். அவருடைய ஸ்பேனர்களுக்கும் வைத்தேன். தங்கச்சியின் லேப்டாப்புக்கு ஒரு பொட்டு வைத்தேன். அவளுடைய ஆயுதம் இன்னொன்றும் இருக்கிறதே என்று தகட்டையும் எடுத்து வைத்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தளர்த்தியாக இருந்தது.

பிரகதி வந்தாள். வாழைக்கன்றை அப்படியே கீழே விட்டாள்.

"அக்கா, தகட்டுல என்ன?"

"சந்தனந்தான். எல்லாருக்கும் வச்சுட்டு ஒன்னோடதுக்கு மட்டும் வைக்காம விடுவனா?"

"ஓட்டைக்குள்ள போயிருச்சேக்கா."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்கா மொகத்தத் தொங்கப் போடுற கொழுந்தியா? இங்கிட்டுக் குடு. எத்தன பைக்கு வாட்டர் வாஷ் பண்றேன்!"

"தண்ணி அடிச்சா அம்புட்டும் உள்ள எறங்கிரும் அத்தான். பின்பக்கம் மூடியிருக்கு."

"வேற ஒண்ணு செஞ்சுக்கலாமுல்ல?"

"மூணு மாசமாகும்."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நீ ஆசையாத்தான வச்ச" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பூஜையில் வைத்திருந்த என் ஊசி டப்பாவைத் திறந்து, மணி கோக்கும் ஊசியை எடுத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்றுதான் தொடுவது எங்கள் வழக்கம்.

"இன்னக்கி எடுக்கலாமா?" என்றார் அவர்.

"படிச்சவளுக்காகத்தான எடுக்குறேன், சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா. நீங்க விளக்குப் போடுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ரவிக்கைக் கைக்கு மணி எண்ணுவதுபோலக் கட்டம் போட்ட நோட்டில் வரிசையைக் குறித்துக்கொண்டேன். இருபத்துநான்கு வரிசை, வரிசைக்கு நாற்பத்தெட்டு. எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தகட்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, எதற்குள் இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் ஒன்று விடாமல் கீழிருந்து துளைக்குத் துளை ஊசியை விட்டேன். மெத்தென்று போய் மஞ்சளாக வெளியே வந்தது. ஈரப்பஞ்சில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பிரகதி எதிரே உட்கார்ந்து தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் ஓர் இடத்தில் ஊசி போகவில்லை. ஆணியில் முட்டியதுபோல நின்றது. அங்கே சந்தனமே படவில்லை. நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்து, சொல்லாமல் நோட்டில் சுழி போட்டேன். ஐந்தாவது வரிசையில் இன்னும் நான்கு. போகப்போக, மறு ஓரத்து வரிசைகளில் நிறைய.

முடித்தபோது மணி நாலரை. விரல் நுனி மரத்துவிட்டது.

"சந்தனம் போயிருச்சு பிரகதி. ஆனா, வையாதடி. சந்தனம் படாத எடத்துலயும் சில ஓட்ட அடச்சிருக்கு. ஊசி போகல."

"எத்தன?"

"நூத்தி முப்பத்தொண்ணு. எந்த வரிச, எத்தனாவதுன்னு எழுதியிருக்கேன்."

ஊசியைப் பிடுங்கி அவளே பத்துப் பன்னிரண்டு துளைகளில் விட்டுப் பார்த்தாள். அப்புறம் தகட்டை மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"பசைக்கா! தகட்டையும் தேன்கூட்டையும் ஒட்டுற பசை. உள்பக்கமா வழிஞ்சு அடச்சிருக்கு. வெளிய பாத்தா ஓட்ட மாதிரிதான் தெரியும். நான் படத்துல இருக்குற ஆயிரத்து நூத்தி அம்பத்திரண்டையும் அப்புடியே கணக்குல போட்டுட்டேன்."

"ஒருக்கா எண்ணிப் பாத்திருக்கலாமுல்ல?"

"யாருக்கா இத எண்ணுவா?"

"என்னய மாதிரி வேலவெட்டி இல்லாதவ எண்ணுவா," என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வந்த மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

பொட்டோடு இருந்த லேப்டாப்பைத் திறந்து, என் நோட்டைப் பக்கத்தில் வைத்து, சுழிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். திரையில் இரண்டு கோடுகள். சிவப்பு, கருவி காட்டியது. நீலம், அவள் கணக்கு. முன்பு ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றவை, இப்போது கிட்டே வந்து, ஒரு மேட்டில் மட்டும் கொஞ்சம் பிரிந்து போயின. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய விரல் வலித்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"முழுசா ஒத்து வரலக்கா. ஆனா நல்லாவே கிட்ட வந்திருச்சு. என் முறையவே வச்சுக்கச் சொல்லிட்டாங்க."

"சந்தனத்தப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் ஒன் நோட்ட வாங்கிப் பாத்தாங்க. அப்ப யாரும் சிரிக்கல." பிறகு கேட்டாள்: "அக்கா, அடுத்த மாசம் புதுத் தகடு நாலு வருது. அந்த ஊசி அனுப்பேன்."

மறுநாளே மணி ஊசி இரண்டு பாக்கெட் கூரியரில் போட்டேன். கூடவே கட்டம் போட்ட நோட்டு நான்கு. ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு வரிசை, நாற்பத்தெட்டுக் கட்டம், நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.