பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

இது கட்டுக்கதை இல்லை. பால்டிமோரில், எங்கள் தெருவில், எதிர்வீட்டு டார்லீனுக்கு நடந்தது. நம்பாத மேதாவிகள் வந்து அந்தச் சுவரில் காதை வைத்துப் பார்க்கட்டும்.

டார்லீன் வீட்டுக்கும் அதை ஒட்டியிருந்த வெண்டல் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வங்கித் தவணை கட்டாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ தொலைந்துவிட்டான் அந்தப் பாவி. அங்கே குழாய் வெடித்தது. சுவர் ஊறி, பூஞ்சை இந்தப் பக்கம் படர்ந்தது. டார்லீனின் ஆறு வயது மகள் நியாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. சென்ற ஆண்டு ஜூனில் ஒருமுறை, இந்தச் செப்டம்பரில் ஒருமுறை வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டு தடவையும் ஏலத்தன்று காலை வெண்டலின் திவால் மனு வந்து விழுந்தது. ஏலம் நின்றது.

"நான் அவன்மேல கேஸ் போடுறேன்" என்றாள் டார்லீன்.

"முடியாதும்மா" என்றார் வக்கீல் ஹோபார்ட். "திவால் மனு இருக்கிறவரைக்கும் வங்கியும் அவனைத் தொட முடியாது, நீங்களும் தொட முடியாது. அந்தத் தடையை நீக்குங்கன்னு திவால் கோர்ட்லதான் கேக்கணும்."

"என் புள்ள மூச்சுக்குத் தவிக்குது. பாதுகாப்பு அந்த நாய்க்கா?"

மனு போட்டாள்.

அக்டோபர் 8. மதியம் 2:40. நியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சுவருக்குள்... டொக். டொக்.

வெண்டல் திரும்பி வந்துவிட்டான் என்று டார்லீன் நினைத்தாள். ஆத்திரத்தில் சுவரை ஓங்கிக் குத்தினாள். "வெளிய வாடா!"

சத்தம் நின்றது.

பிறகு, அவள் கை இருந்த அதே இடத்தில், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குத்து.

கையை நகர்த்தினாள். அங்கேயும் டொக்.

குனிந்து, தரையோரம் தொட்டாள்...

டொக்.

"மனுவ... வாபஸ் வாங்கு." சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்.

டார்லீன் தெருவுக்கு ஓடிவந்து நின்றாள். ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. பெற்றவள் அல்லவா!

27ஆம் தேதி நீதிமன்றம் தடையை நீக்கியது. மறுநாள் காலை 11:05க்கு அதிகாரிகள் கதவை உடைத்தார்கள். நிலவறையில் வெண்டல் கிடந்தான். எலும்புதான் மிச்சம். சென்ற ஆண்டு ஜனவரியிலேயே செத்துவிட்டான் என்றார் மருத்துவர்.

ஹோபார்ட் நீதிமன்றத்துக்கு ஓடினார். செப்டம்பர் மனுவை எடுத்துக் கொடுத்த எழுத்தர், "நேர்லதான் வந்தாரு. என் கண்ணு முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாரு" என்றாள்.

மனுவில் ஒரு கேள்வி உண்டு. உங்களோடு அந்த வீட்டில் வசிப்பவர்கள் யார்?

எழுதியிருந்தான். நியா. மகள். வயது ஆறு.