நான்காம் பம்பின் பச்சை விளக்கு

இதை நம்பியே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொல்வதில்லை. நேரங்களை எல்லாம் அன்றிரவே என் கைப்பட நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

நான் ஓர் எஃகு ஆலையில் வேலை பார்த்தேன். பழைய ஆலை. அதை நவீனமாக்குகிறோம் என்று, ஓடுகிற ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு சென்சார் பெட்டியைப் பொருத்தினார்கள். இயந்திரத்தின் அதிர்வும் சூடும் கம்பியில்லாமல் கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிடும். அங்கே இரண்டாம் மேசையில், இரவு ஷிஃப்டில், நான் ஒருத்திதான். திரையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கோடு ஓடும். கோடு துள்ளினால் எங்கோ பேரிங் தேய்கிறது என்று பொருள். அது உடைவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

என் மேசையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தரைக்குக் கீழே, பம்ப் ஹவுஸ். உலைக்குத் தண்ணீர் அனுப்பும் ஆறு பம்புகள் அங்கே இருந்தன. செல்போன் எடுக்காது. வாசலில் மட்டும் ஓர் இன்டர்காம். இரவில் ஒரே ஒரு ஆள். வயது ஐம்பத்து நான்கு. ஆலையில் அவருக்குப் பெயர் ‘மூணு தட்டு’. நான் அண்ணே என்பேன்.

அந்தப் பெயர் வந்ததற்கு நானும் ஒரு காரணம். சென்சார் வைத்த முதல் வாரம் அவர் இன்டர்காமில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, நான் பம்பைத் தட்டினா உனக்கு அங்க தெரியுமாமே?”

“தெரியும்ணே. கோடு குதிக்கும்.”

“அப்ப ஒண்ணு பண்ணுவோம். ரவுண்ட்ஸ் வர்றப்ப நாலாம் பம்பை ஸ்பேனரால மூணு தட்டு தட்டறேன். நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீ அந்தப் பெட்டியில இருக்கிற பச்சை லைட்டை ஒரு தடவ மினுக்கு.”

“மினுக்கலைன்னா?”

“நீ தூங்கிட்டேன்னு பெரியவர்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன்.”

பெரியவர் என்றால் எங்கள் மேலாளர். அந்தப் பச்சை விளக்கு, எந்தப் பெட்டி என்று ஆட்கள் அடையாளம் காண்பதற்காக வைத்தது. என் திரையில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு முறை அமுக்கினால் ஒரே ஒரு மினுக்கல். அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

இரவு 2:10-க்கு டொக், டொக், டொக். நான் பொத்தானை அமுக்குவேன். நேரத்தை நோட்டில் எழுதுவேன். எல்லாம் கணினியிலேயே பதிவாகும். ஆனாலும் அனுப்புகிற ஒவ்வொரு கட்டளையையும் நொடி முதற்கொண்டு கையால் எழுத வேண்டும் என்பது பெரியவர் வைத்த சட்டம். பதினான்கு மாதம் இப்படியே போனது. இத்தனை பெரிய ஆலையில், இருட்டில், நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய் என்று இரண்டு பேர் சொல்லிக்கொள்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பெரியவர் வந்து என் மேசை அருகே நின்றார். “நாலாம் பம்ப்ல பேரிங் போகுதுன்னு சிஸ்டம் தினமும் கத்துது. திறந்து பார்த்தா ஒண்ணுமில்ல. இந்தத் தட்டல்தான் கணக்கைக் கெடுக்குது. நிறுத்தச் சொல்லு.”

அண்ணனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் வேறொன்று செய்தேன். திடீரென்று எழுந்து அடங்கும் சின்னத் துள்ளல்களை எல்லாம் குப்பை என்று தள்ளிவிடும்படி நான்கு வரி நிரல் எழுதினேன். அவர் தட்டிக்கொண்டே இருக்கலாம். திரையில் வராது. ஆலையின் பதிவிலும் ஏறாது. 2:10 ஆனதும் நான் கடிகாரத்தைப் பார்த்து விளக்கை மினுக்கிவிடுவேன். அவருக்கு வித்தியாசமே தெரியாது.

அன்பினால்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் இரவு, மறுநாள் வரும் விருந்தினர்களுக்காக ஓர் அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தேன். 2:10 கடந்துவிட்டது. மறந்துவிட்டேன். அன்றிரவு நான் ஒரு முறைகூடப் பொத்தானை அமுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 5:50-க்கு ஃபிட்டர் ஒருவர் பம்ப் ஹவுஸுக்குள் போனார். உயரமான ஆள். நெட்டை என்று கூப்பிடுவார்கள். நடைபாதையின் இரும்புச் சட்டம் ஒன்று துருவேறி உடைந்திருந்தது. கீழே பள்ளத்தில், நான்காம் பம்பின் அடியில், அண்ணன் கிடந்தார். தொடையில் ஆழமான வெட்டு. உடம்பு குளிர்ந்து போயிருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் என் திரையைப் பார்த்தார்கள். நான்காம் பம்பின் கோடு இரவு முழுக்க வழவழவென்று ஓடியிருந்தது. யாரும் எதையும் தட்டியதாக இல்லை. ‘விழுந்த உடனே உயிர் போயிருக்கும்’ என்று எழுதினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

நெட்டை மட்டும் ஒன்று சொன்னார். “நான் உள்ள நுழையிறப்ப அந்தப் பச்சை லைட்டு மினுக்குச்சு. மூணு தடவ.” அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான். மூன்று முறை மினுக்க அந்த விளக்குக்குத் தெரியாதே.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி ஒரு துணிப்பையிலிருந்து அவருடைய ஸ்பேனரை எடுத்து என் மடியில் வைத்தார். அதன் தலையில் நீலப் பெயிண்ட் அப்பியிருந்தது. பம்பின் நிறம்.

“இதை அவர் கையிலேர்ந்து பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம். உடனே போன உசுருக்குக் கையில இவ்வளவு பிடி எப்படிம்மா இருக்கும்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“செத்துட்டார். அதை நான் ஏத்துக்கிட்டேன். ஆனா அவர் தட்டியிருக்கார். யாராவது பதில் குடுத்தாங்களா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

விடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சென்சார் பெட்டிக்குள்ளும் ஒரு மெமரி கார்டு உண்டு. என் நிரல் கைவைக்காத மூலப் பதிவு, விளக்குக்கு வந்த கட்டளைகள் உட்பட, அதில் இருக்கும். ஆனால் முப்பது நாள்தான். அதன் பிறகு பழையது அழிந்து புதியது ஏறிவிடும். அதைத் திறந்தால் என் குற்றம் வெளிவரும். திறக்காவிட்டால் அண்ணியின் கேள்வி அப்படியே அழிந்துபோகும். தினமும் கடவுளிடம் தைரியம் கேட்டேன். தினமும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் இரவு வந்தது.

என் நிரலை நான் எப்போதோ நீக்கிவிட்டிருந்தேன். விசாரணை முடியாததால் நான்காம் பம்ப் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கோடு செத்த கோடு. உலைத் தண்ணீரை வேறிடத்து உதவிப் பம்புகளுக்கு மாற்றிவிட்டு, பம்ப் ஹவுஸைப் பூட்டியிருந்தார்கள். சாவி காவலாளியிடம்.

2:17:05. கோடு குதித்தது.

மூன்று முறை.

ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தேன். 2:18-க்கு மீண்டும் மூன்று. 2:19-க்கு நான்கு. பிறகு எண்ணிக்கையே இல்லாமல், வேகமாக… கதவைத் தட்டுவது போல.

திரையில் ஒலி கிடையாது. கோடு மட்டும்தான். ஆனால் எனக்குக் கேட்டது. டொக்… டொக்… டொக்.

ஒன்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயம். வேறொன்றும் இல்லை. அந்த ஒன்பது நிமிடத்துக்காக இன்றும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

2:26:40. பொத்தானை அமுக்கினேன்.

தட்டல் சட்டென்று நின்றது.

பிறகு நிதானமாக… ஒன்று. இரண்டு. மூன்று.

என் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. நோட்டை இழுத்து நேரத்தை எழுதினேன். பழக்கம்.

2:31:12. அமுக்கினேன். மூன்று தட்டு வந்தது.

2:34:50. அமுக்கினேன். மூன்று.

2:38-க்குக் காவலாளிக்கு இன்டர்காம் போட்டேன். “பம்ப் ஹவுஸ்ல யாரோ இருக்காங்க. ஓடிப்போய்ப் பாருங்க.”

நான்கு நிமிடத்தில் அவர் குரல் வந்தது.

“பூட்டு போட்ட மாதிரியே இருக்கும்மா. திறந்தும் பாத்துட்டேன். யாருமில்ல.”

“வாசல்லேர்ந்தே நாலாம் பம்பைப் பாருங்க. இப்ப லைட் மினுக்கும்.”

அமுக்கினேன். 2:43:08.

“ஒண்ணும் மினுக்கலையேம்மா.”

ஆனால் என் திரையில்… மூன்று தட்டு.

“சத்தம் கேக்குதா?”

“என்ன சத்தம்?”

இன்டர்காமை வைத்துவிட்டேன்.

காவலாளி போய்விட்டார். நான் போகவில்லை. நான் தாமதித்தால் தட்டல் பதறியது. அமுக்கினால் அமைதியானது. அவருக்கு வேண்டியது அதுதான் என்று புரிந்தது. வாய் தானாகப் பிரார்த்தனை செய்தது. விரல் அமுக்கியது. கை எழுதியது.

2:55-க்கு மூன்று தட்டு இரண்டானது.

கோட்டின் உயரம் குறைந்துகொண்டே வந்தது.

3:04:30. அமுக்கினேன்.

ஒரே ஒரு தட்டு…

மெதுவாக.

பிறகு இல்லை.

அமுக்கினேன். இல்லை. 3:12. இல்லை. 3:20:00-க்குக் கடைசியாக ஒரு முறை அமுக்கிவிட்டு, மேசையில் தலை வைத்து அழுதேன். நோட்டில் எண்ணினேன். மொத்தம் பதினெட்டு.

விடிந்ததும் பெரியவரிடம் போனேன். அந்த நான்கு வரி நிரலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “சாவியை எடுத்துட்டு வா” என்றார். நெட்டைதான் பெட்டியைக் கழற்றிக் கார்டை எடுத்துத் தந்தார்.

முதலில் முந்தைய இரவைப் பார்த்தோம். வெறும் செத்த கோடு. ஒரு தட்டல்கூட இல்லை. விளக்குக்கு ஒரு கட்டளைகூட வரவில்லை.

பிறகு, அண்ணன் இறந்த இரவு.

2:10-க்கு மூன்று தட்டு. பதில் இல்லை.

2:17:05-க்கு மூன்று. 2:18-க்கு மூன்று. 2:19-க்கு நான்கு. பிறகு எண்ணிக்கையில்லாமல்.

2:26:40. விளக்கு மினுக்கல். கட்டளை வந்த இடம்: கண்ட்ரோல் ரூம், இரண்டாம் மேசை.

2:31:12. மினுக்கல்.

2:34:50. மினுக்கல்.

பெரியவர் என் நோட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார். நொடி மாறவில்லை. பதினெட்டும் இருந்தன. நான் ஒரு முறைகூட அமுக்காத அந்த இரவில்.

அன்றைக்கே அண்ணியிடம் போனேன். என் தவற்றைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதிவைத் தாளில் எடுத்துப்போயிருந்தேன். அதை மடியில் விரித்துக்கொண்டு, “பதில் குடுத்திருக்க… லேட்டா குடுத்தாலும் குடுத்திருக்க” என்றார்.

எனக்கு ஆறு மாதம் வேலை இல்லை. அது நியாயம்தான். அந்த ஆலையில் இப்போது எந்த இயந்திரத்தை யார் தட்டினாலும் திரையில் மணி அடிக்கும். எட்டிப் பார்த்துப் பதில் சொல்லாமல் அது நிற்காது. ஒருவர் உங்களிடம் ‘நான் இருக்கிறேன்’ என்று சொன்னால், கையில் எந்த வேலை இருந்தாலும் ‘நானும் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு விரல் போதும்.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அண்ணிதான் அதைக் கவனித்தார். தாளின் அடியில் விரலை வைத்து, “நீ பதினெட்டுன்னுதானே சொன்ன? இது இன்னும் போகுதேம்மா” என்றார்.

போனது. 3:25-க்கு ஒரு மினுக்கல். 3:30-க்கு ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, உடம்பு தனியாகக் கிடந்த நேரம் முழுக்க, 5:45 வரைக்கும். கட்டளை வந்த இடம் என்ற கட்டம், அத்தனை வரியிலும் வெறுமையாக இருந்தது.

கடைசி வரி, நெட்டை கதவைத் திறந்த நேரம். 5:50.

அதில் மட்டும் ஒன்று இல்லை.

மூன்று.