ஜெயந்தனின் கண்ணும் ஒரு மொனிற்றரும்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் ஸ்ரூடியோவில் படங்களின் நிறம் திருத்திக் கல்யாண அல்பம் செய்கிறவன் ஜெயந்தன். பத்து வயதில் ஷெல் துண்டொன்று அவனுடைய இடக்கண்ணைக் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்தான் எட்டு வருசமாக அவனுக்குச் சோறு போட்டது.

அன்று வட்டக்கச்சிப் பிரதாபன், தங்கச்சியின் கல்யாண அல்பத்தோடு வந்தான். வந்த வேகத்திலேயே ஹெல்மெற்றால் ஜெயந்தனின் முகத்தில் ஓங்கி ஒரு அடி. மூக்கு உடைந்து இரத்தம் மேசையெல்லாம் கொட்டியது.

“சிவப்புக் கூறைச்சேலையைக் கருவாடாக்கி வைச்சிருக்கிறாய்! அவளின்ர முகம் கரிச்சட்டியடா!”

முதலாளி கதிர்காமநாதன் கதிரையை விட்டு அசையவில்லை. “நான் என்ன செய்ய, தம்பி? ஒற்றைக் கண்ணன். அந்தக் கண்ணும் இப்ப பழுதாப் போச்சு. இவனை இண்டையோட வேலையால நிப்பாட்டுறன்.”

அட பாவி மனுசா! கொஞ்சமும் வாய் கூசவில்லை அவருக்கு.

அடியைவிட அந்தச் சொல்லுக்குத்தான் ஜெயந்தன் பயந்தான். இதோடு மூன்று அல்பம் இருண்டு வந்துவிட்டது. இந்தக் கண்ணும் போனால் என்ன செய்வான்? அந்தப் பயத்தில்தான் கொழும்பிலிருந்து திரையின் நிறமும் வெளிச்சமும் அளக்கும் கருவி எடுப்பித்து, முதல்நாள் பின்னேரம் கணினி மொனிற்றரைச் சரிசெய்து வைத்திருந்தான்.

“அண்ணை, பிறகு அடியுங்கோ. ஆறு நிமிசம் தாங்கோ.”

கருவியைத் திரையில் தொங்கவிட்டான். மூக்கைச் சேர்ட்டால் பொத்திக்கொண்டு காத்திருந்தான். நேற்று நூற்றுப்பத்தில் வைத்த திரை வெளிச்சத்தின் அளவு இன்று இருநூற்றுத் தொண்ணூறு! திரை பளீரென்று காட்டக் காட்ட, அவன் படத்தை இருட்டாக்கிக்கொண்டே போயிருக்கிறான். கண்ணில் பிழையில்லை.

“முதலாளி, இண்டைக்குக் காலமை ஆருக்குப் படம் காட்டினனீங்கள்? மொனிற்றரைத் தொட்டனீங்களோ?”

“நான் ஏன் தொடுறன்?” மூன்று மாதமாகக் கேட்கும்போதெல்லாம் அதே பதில்; அதை நம்பித்தான் ஜெயந்தன் தன் கண்ணைச் சந்தேகித்தான்.

பிரதாபன் நிமிர்ந்தான். “பொய்! அண்டைக்கு நான் படம் பாக்க வரேக்கை இவர் மொனிற்றருக்குப் பின்னுக்குக் கையை விட்டு ஒரு பொத்தானை அமத்தினவர். ‘இப்ப பாருங்கோ, தங்கச்சி தகதகவெண்டு நிக்கிறா’ எண்டவர்.”

கதிர்காமநாதனின் முகம் வெளுத்தது. பிரதாபன் ஹெல்மெற்றை மறுபடி கையில் எடுத்தான். முதல் அடியிலேயே கதிரையோடு விழுந்தார் அவர். அல்பம் அடுக்கிய கண்ணாடி அலுமாரி நொறுங்கி அவர்மேல் சரிந்தது.

“ஜெயந்தன்! வந்து இவனை மறியடா!” முதலாளி கத்தினார்.

ஜெயந்தன் பொத்தானை அமத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். கருவியை மறுபடி தொங்கவிட்டு, திரைக்கு முன்னால் இருந்துகொண்டான்.

“அளக்குது, முதலாளி. ஆறு நிமிசத்துக்கு அசையேலாது.”