பச்சை டிக்கும் மேனேஜரக்காவின் காதும்

என் கைப்பேசியில் இருந்து எத்தனையோ படங்களை அழித்திருக்கிறேன். இடம் போதவில்லை என்று அது புலம்பும்போதெல்லாம் பழைய பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்திருக்கிறேன். ஒரு குரல் பதிவை மட்டும் தொட்டதில்லை. அதைப் போட்டால் முதலில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும். அந்த அழுகைக்கு மேலே ஒரு பெண்குரல் கேட்கும். "சாமி, ஃபிட்டர் இன்னும் ஹோஸ் மாட்டலை. நீ பச்சையப் பாத்து ஏமாந்துக்காத. எந்திரிச்சுப் போயி வண்டியப் பாரு." பேசியவர் எங்கள் மேனேஜரக்கா. பேசிய இடம் புனேயில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. வண்டி நின்றதோ திருச்செங்கோட்டில்!

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைக் கட்டிக்கொடுக்கும் ஒரு பட்டறையில்தான் எனக்கு முதல் வேலை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைகளைத் திட்டமிடுபவன் என்ற பெயரில் அங்கே போய்ச் சேர்ந்தேன். வெறும் சேசிஸாக வரும் லாரியின் முதுகில் கம்ப்ரஸரை ஏற்றி, கிணறு தோண்டும்போது வானத்தைப் பார்த்து நிமிரும் மாஸ்ட் என்ற கம்பத்தைப் பொருத்தி, அதைத் தூக்கும் எண்ணெய் ஓடுகிற ஹோஸ்களை மாட்டி, ஓட்டிப் பார்த்து, பெயிண்ட் அடித்து, பூஜை போட்டு அனுப்புவோம். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் கை வைக்க முடியும். யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்பதை மொத்தமாகத் தெரிந்துவைத்திருந்தவர் மேனேஜரக்கா ஒருவர்தான்.

மல்லசமுத்திரத்தில் காடு உழுகிற வீட்டுப் பெண். கணக்கு எழுத வந்து மேனேஜர் ஆனவர். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பேசுவது அடுத்த பட்டறைக்குக் கேட்கும். அடக்கமா, அது எந்த ஊரில் விற்கிறது என்று கேட்பார். காலையில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் பட்டறையை ஒரு சுற்று வருவார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "ஆச்சா?" எல்லாரிடமும் ஒரே பதில்: "ஆச்சுங்க்கா." அவ்வளவுதான். அறைக்கு வந்து உட்கார்ந்து, இது ஆகியிருக்கிறது, அது ஆகவில்லை என்று எனக்குச் சொல்லுவார். எல்லாரும் ஆச்சு என்றுதானே சொன்னார்கள் என்று நான் விழிப்பேன். போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இதனாலேயே அவரால் லீவு போட முடியாது. அவர் வராத நாளில் எல்லாம் ஆகியிருக்கும், வண்டி மட்டும் நகராது.

அவருடைய ஒரே மகள் புனேயில் இருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகியிருந்தார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று இவர் காத்திருக்க, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாது, அம்மா போயாக வேண்டும். போனால் பட்டறை? அந்தச் சமயம் பார்த்து முதலாளி, எல்லார் கைப்பேசியிலும் ஒரே பலகை தெரிகிற செயலி ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அது முதலில் சிவப்பாக இருக்கும், முடித்தவர் டிக் போட்டால் பச்சையாகும். எங்கிருந்தும் யாரும் பார்க்கலாம். மேனேஜரக்கா இதை ஒழித்துக்கட்டிவிடுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருக்க, அவரோ என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏஞ்சாமி, இது வந்துச்சுன்னா நான் இங்க இல்லாமயே வேல நடக்குமா?"

"நீங்க நிலாவுக்கே போனாலும் நடக்குமுங்க்கா" என்றேன். வாய்க்கொழுப்பு!

பட்டறைக்காரர்கள் செயலியைக் கற்றுக்கொள்ள நேரமே எடுக்கவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் ரிக்கோடு போன மச்சான்களிடம் தினமும் வீடியோவில் பேசுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா? பலகை மளமளவென்று பச்சையானது. மேனேஜரக்கா பிரசவ லேகியம் கிண்டினார், பூண்டு உரித்தார், வசம்பு வாங்கினார், பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்தார். கர்நாடகத்துக்காரர் ஒருவருடைய வண்டியை ஒப்படைத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறுவதாக ஏற்பாடு.

அந்தக் கர்நாடகத்துக்காரர் குடும்பத்தோடு வந்தார். வண்டிக்கு மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்க்க, ஆபரேட்டர் லிவரைத் தள்ளினார். மாஸ்ட் எழவே இல்லை. இன்னொரு முறை தள்ளினார். ஊஹூம். அதைத் தூக்குகிற ஹோஸ் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரவே இல்லை! ஆனால் ஃபிட்டர் பச்சை போட்டிருந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டியவர் அன்றைக்குச் சேந்தமங்கலத்தில் ஒரு விசேஷத்தில் இருந்தார். ஹோஸ் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்தபடியே தன் வேலைக்கும் பச்சை போட்டுவிட்டார். அதை நம்பிப் பெயிண்டரும் அடித்து முடித்துவிட்டார். ஒரு பொய்ப் பச்சை இத்தனை பச்சைகளைக் குட்டி போட்டிருந்தது.

"ஏப்பா, ஆகாத வேலைக்கு எதுக்குப் பச்ச போட்ட?" என்றார் மேனேஜரக்கா.

ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். "செவப்பா கெடந்தா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நெனச்சனுங்க்கா. பொண்ணப் பாக்கப் போற நேரமுங்க. எப்படியும் சாயந்தரத்துக்குள்ள ஆயிருமுன்னுதானுங்க..."

இந்த மனுஷனை எப்படித் திட்டுவது? பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் "ஆச்சுங்க" என்றால் பாதி நேரம் அதற்கு, கவலைப்படாதீர்கள் என்றுதான் பொருள். பெரியவர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, மலைக்கோயிலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம். மேனேஜரக்கா அறைக்குள் வந்து உட்கார்ந்தார். "டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரு சாமி. அவ மாமியாகாரி பாத்துக்குவா" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அத்தனை பெரிய குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நிலாவுக்குப் போகலாம் என்று சொன்னவன் நான்தானே.

"பண்ணிட்டேனுங்க்கா" என்றேன்.

அவர் ஃபிட்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஹோஸ் வந்ததா என்று கேட்டார். "வந்துருச்சுங்க்கா" என்றது பதில். போனை வைத்துவிட்டு, "வரலை" என்றார்.

"வந்துருச்சுன்னு சொன்னாருங்களே?"

"எப்புடி இழுத்தான் பாத்தியா? வந்திருந்தா வெடுக்குனு சொல்லிப்போட்டு வேலையப் பாக்கப் போயிருப்பான்."

வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஹோஸ் வரவில்லை. திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் அவர் அந்தப் பதிலைக் கேட்டதே இல்லை, அந்த இழுப்பைத்தான் கேட்டிருக்கிறார். நானோ இழுப்பை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் பலகையில் ஏற்றியிருக்கிறேன். பச்சைக்கு இழுக்கத் தெரியாதே! ஆனால் அதே அட்டையின் மூலையில், யாரும் தொடாத மைக் பொத்தான் ஒன்று சும்மா கிடந்தது.

அன்றே சட்டம் போட்டோம். டிக் போடுகிறவர் வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். குரல் இல்லாத பச்சை செல்லாது. மேனேஜரக்கா நாலைந்து பேரைப் பேசவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மெல்லத் தெளிந்தது. "இதுல இழுப்பு கேக்குதே சாமி! அப்பறம் என்ன, நான் பொறப்படறேன். டிக்கெட் இருக்குதுல்ல?"

"அத கேன்சல் பண்ணிட்டேன்னு..."

"நீ எங்க பண்ணுன? நீ இழுத்தப்பவே எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், அடுத்த பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஹோஸ் வந்து, கர்நாடகத்துக்காரர் வண்டியோடு சிரித்துக்கொண்டே கிளம்ப, மேனேஜரக்கா லேகியத்தோடு ரயில் ஏறினார். பேரன் பிறந்தான். அங்கே அவனைக் குளிப்பாட்டிவிட்டு, போனில் திட்டி எங்களைக் குளிப்பாட்டுவார். அடுத்த வண்டிக்கு ஃபிட்டர் பழக்கதோஷத்தில் மறுபடியும் பச்சை போட்டபோது வந்ததுதான் நான் வைத்திருக்கும் அந்தக் குரல் பதிவு. போய்ப் பார்த்தேன், மாட்டியிருக்கவில்லை. அப்புறம் ஒருநாள் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஃபிட்டரின் அட்டையில் டிக் இல்லை, குரல் மட்டும் இருந்தது. "ஆகலீங்க்கா." முகத்துக்கு நேரே வராத சொல், முகம் தெரியாத போனுக்குள் எளிதாக வந்துவிட்டது. அக்கா அதை மகளுக்குப் போட்டுக் காட்டினாராம், நர்ஸுக்கும் போட்டுக் காட்டினாராம். "மகராசனா இரு சாமி" என்று பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போனது. ஆகாததை ஆகவில்லை என்று சொல்லத் தொடங்கியதும் வேலையெல்லாம் சீக்கிரம் ஆனதுதான் வேடிக்கை. செயலியை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அது வந்துதான் மேனேஜரக்காவும் மற்றவர்களைப் போல லீவு போட்டார்.

இப்போது நான் சேலத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். என் அணியில் பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. பலகை மட்டும் அன்றைக்குப் போலவே பச்சையாக இருக்கிறது. தினமும் காலையில் ஒவ்வொருவரையும் பேசச் சொல்லிக் கேட்கிறேன். "ஆல்மோஸ்ட் டன்" என்று பெங்களூரிலிருந்து ஒரு பையன் இழுத்தால், எங்கள் ஃபிட்டரண்ணன் பெங்களூருக்குப் போய்விட்டாரோ என்று தோன்றும். இழுப்புக்கு மொழி கிடையாது.

போன வாரம் மேனேஜரக்கா கூப்பிட்டார். பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்துகிறார்களாம். அன்றைக்கு எனக்கு ஒரு பெரிய வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய நாள். அக்காவிடம் போய் எப்படி இல்லை என்பது?

"வந்துருவேனுங்க்கா" என்றேன்.

அந்தப் பக்கம் அக்காவுக்குப் பின்னால் ஒரு சிறுவன் எதற்கோ வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த தொண்டைதான் அது.

"அப்ப நீ வரல" என்றார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரே திரையில் என் பெயருக்கு நேரே, அன்றைக்கு ஒப்படைத்துவிடுவேன் என்று நான் முன்கூட்டியே போட்ட டிக் பச்சையாகக் கிடந்தது. அந்த டிக்கை எடுத்தேன். மைக்கைத் தொட்டு, அன்றைக்கு என்னால் ஆகாது, வேறு நாள் பார்ப்போம் என்று என் அணிக்குச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அக்கா லைனிலேயே இருந்தார்.

"வாரேன்" என்றேன், வெடுக்கென்று.

"ம், இப்ப ஆச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார்.